நாற்பத்தோராம் நம்பர் துண்டு

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துண்டு அட்டை இருக்கிறது. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது, பழுப்பு நிறம். நடுவில் நீல மையில் 41 என்று எழுதி, கீழே எழுதியவர் சுருக்கமாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். ஒரு மூலையில் மஞ்சள் கறை. வருடக்கணக்காக மஞ்சள் துணியில் சுற்றி வைத்ததால் ஏறியது. இந்த அட்டை எனக்குச் சொந்தமானதல்ல. என் மகள் ஒருமுறை பெட்டியைத் துப்புரவாக்கும்போது இதைக் குப்பை என்று எடுத்து வெளியே போட்டுவிட்டாள். அன்று நான் அவளைப் பேசிய பேச்சு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு துண்டு அட்டைக்கா அம்மா இப்படிப் பேசினாள் என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குத்தான் இத்தனை வருடம் வாய் வரவில்லை.

அதில் கையெழுத்து வைத்தவரை நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். ஐம்பதுகளின் நடுவில் அவர் முதல்முறை வந்தபோது நான் மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சர். பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு, மேலே தகரம். மழை பிடித்தால் தகரத்தின் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். லிந்துலையில் மழை பிடிக்காத நாளை எண்ண ஒரு கை விரல் போதும். டாக்டரம்மா கொழும்பிலிருந்து ரயிலில் தலவாக்கலை வந்து, அங்கிருந்து தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே ஏறி வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஒரு மரப்பெட்டி. பிள்ளைகளின் மனம் எப்படி வளர்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவர். மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல. இதை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்களுக்கு விளங்கவைக்க முதல் இரண்டு நாள் பாடுபட்டார். சொறியும் இருமலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மூன்றாம் நாள் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, தலவாக்கலைக்கு ஆள் அனுப்பி வயிற்றுப் பூச்சி மருந்தும் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தும் வாங்கிவரச் செய்தார். அந்தப் பெண்மணியை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று.

அவருக்கு யாழ்ப்பாணத்துத் தமிழ். அவர் "வாசியுங்கோ பிள்ளை" என்றால் எங்கள் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கும். நான் "படி கண்ணு" என்பேன், உடனே படிக்கும். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்கு அவர் கொடுத்த வேலை. அவருடைய ஆராய்ச்சி இதுதான். எட்டு வயதில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் தெரியாத பிள்ளைகளையும் இப்போது பார்த்துக் குறித்துக்கொள்வது. ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து அதே பிள்ளைகள் எந்த வழியில் போயிருக்கிறார்கள் என்று கேட்பது. குடி, சூது, கத்தி, வீட்டைவிட்டு ஓடுவது, உயிரைப் பணயம் வைத்து விளையாடுவது, இவற்றுக்கெல்லாம் அவர் வைத்திருந்த பெயர் ஆபத்தான நடத்தை. எழுத்து தெரியாமல் வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்த பிள்ளைதான் பின்னால் அந்தப் பக்கம் போகிறது என்பது அவர் எண்ணம். மரப்பெட்டிக்குள் வாசிப்பு அட்டைகள் இருந்தன. வழி தவறிய ஆட்டுக்குட்டியைப் பற்றி ஏழெட்டு வரி. பிள்ளை வாசிக்க வாசிக்க அவர் பிழைகளைக் குறித்துக்கொள்வார், முகம் சுளிக்கவே மாட்டார். "பிழை விட்டால் பயப்பிடாதையுங்கோ. பிழைதான் எனக்கு வழி காட்டும்" என்பார். இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னேன்.

பிள்ளைகளின் பெயரை அவர் எங்கேயும் எழுதவில்லை. அதில் மிகவும் கண்டிப்பு. பெயரை எழுதினால் என்றைக்காவது அது யார் கைக்காவது போகும் என்றார். அதனால் பிள்ளைக்கு ஓர் எண். அந்த எண்ணை எழுதிய அட்டையைத் தாயின் கையில் கொடுத்துவிடுவது. எந்த எண் எந்தப் பிள்ளை என்பதற்கு அவரிடமே பட்டியல் கிடையாது. ஏழு வருடம் கழித்து அட்டையைக் கொண்டுவந்தால்தான் பிள்ளையையும் பழைய தாளையும் சேர்த்துப் பார்க்க முடியும். "பத்திரமா வைச்சிருக்கச் சொல்லும்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மழைக்குக் கூரை ஒழுகி, ஒரு காம்பராவில் எட்டுப் பேர் முடங்கும் லயத்தில் துண்டு அட்டை ஏழு வருடம் தாங்குமா என்று அவருக்குக் கவலை.

முதல் நாள் நான்கே நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அவர் வெறும் பாயின் முன்னால் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் பீலிக்கரையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் லயத்திலிருந்து ஒரு கொழுந்துக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். கூடையை இறக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இந்தம்மா எழுதுறது பதிவுக்காங்க?"

இந்தியக்காரர் என்று ஒதுக்கப்பட்ட எங்கள் ஜனங்கள், பதிவு என்று பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. இந்த மண்ணில்தான் பிறந்தோம், இங்கேதான் இருந்தோம் என்பதற்குக் கடுதாசி கேட்டார்கள். வாயால் சொன்னது எதுவும் செல்லவில்லை. அதனால் லயத்தில் எந்தத் தாளையும் யாரும் எறியமாட்டார்கள். பழைய அரிசிச் சீட்டு, அம்மை குத்திய சீட்டு, எப்போதோ ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துச் சீட்டு, எல்லாம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். அவள் கேட்ட கேள்விக்கு இல்லை என்ற ஒரு சொல் போதும். எனக்கோ அந்த வெறும் பாய் கண்ணில் நின்றது. "புள்ளைய அனுப்புங்க. குடுக்குற துண்ட மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. கடுதாசி எப்ப ஒதவும்னு யாருக்குத் தெரியும்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று பல வருடம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலிலிருந்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பரா வரைக்கும் வரிசை நின்றது. டாக்டரம்மா என் கையைப் பிடித்து, நீர் கெட்டிக்காரி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பீலிக்கரையில் கேட்டவளுடைய மகன்தான் நாற்பத்தொன்று. வாசிப்பு அட்டையைக் கையில் கொடுத்ததும் ஆட்டுக்குட்டிக் கதையைத் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தான். டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து வேறோர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதற்கும் அதே ஆட்டுக்குட்டிக் கதையையே சொன்னான். ஜன்னலுக்கு வெளியே நின்று, மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறான். ஓர் எழுத்தும் தெரியாது. நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் காது மடல்வரை சிவந்துபோயிற்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் போன பிறகு, "இந்தப் பிள்ளைக்கு மூளை இல்லை எண்டு இல்லை. வெட்கம்தான் கூட. இவனைத்தான் நான் திரும்பி வந்து பார்க்க வேணும்" என்றார்.

சொன்னபடியே வந்தார். ஏழு வருடத்தில் அவர் தலை பாதி நரைத்திருந்தது. அதே மரப்பெட்டி. எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் மனுக்களில் பாதிக்கு மேல் தள்ளுபடியாகி வந்திருந்தன. நாற்பத்தொன்றின் வீட்டு மனுவும் அதில் ஒன்று. துண்டைக் கொண்டுவரச் சொன்னோம். தோட்டத்தைவிட்டுப் போனவர்களைத் தவிர அத்தனை பேரும் கொண்டுவந்தார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை, நனையவில்லை. சில அட்டைகளில் குங்குமம் வைத்திருந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்து, அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார். எழுத்தறியாத ஜனங்கள் கடுதாசியை இவ்வளவு மதிக்கிறார்களே என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதன் காரணம் எனக்குத் தெரியும். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

இந்த முறை அவர் கேட்டவை வேறு கேள்விகள். குடித்திருக்கிறாயா, சூதாடியிருக்கிறாயா, உனக்கோ பிறருக்கோ தீங்கு வரும் என்று தெரிந்தும் எதையாவது செய்திருக்கிறாயா. பள்ளி விட்ட பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான். கேட்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். அதை நான் சொன்னேன். "பேரு இல்ல தம்பி. நம்பர் மட்டுந்தான். ஒருத்தருக்கும் தெரியாது." நாற்பத்தொன்றுக்கும் இதே சொற்களைத்தான் சொன்னேன். அவனுக்கு அப்போது பதினைந்து முடிந்து, தேயிலை அரைக்கும் இஸ்டோரில் பெரிய ஆள் கணக்கில் வேலை. தோள் அகன்றிருந்தது. முகம் மட்டும் அந்த ஜன்னலோரப் பிள்ளையின் முகம்தான். இன்னும் எழுத்துத் தெரியாது.

மேல் மலையிலிருந்து இஸ்டோருக்குக் கொழுந்து மூட்டை இறங்க ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். கொக்கியில் மூட்டையை மாட்டிவிட்டால் பள்ளத்துக்கு மேலே சீறிக்கொண்டு கீழே வந்து சேரும். பள்ளத்தின் அடியில் பாறையும் ஆறும். அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டு இறங்குவது இளவட்டங்களுக்குப் பந்தயம். முதலில் இறங்கியவனும் அதிகத் தடவை இறங்கியவனும் இவன்தான். ஏன் இறங்கினாய் என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னார். நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சலூன்ல மத்தவனுங்க பேப்பர் படிச்சுக் காட்டுவானுங்க டீச்சர். சிரிப்பானுங்க. எனக்குன்னு அந்தக் கம்பிதான்." இதை நான் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுந்து போவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. ஒரு நாள் யாரோ தொங்கி இறங்கியதில் கப்பி கழன்று, பின்னால் வந்த மூட்டைகள் ஆற்றில் விழுந்ததும், இஸ்டோர்க் காவல்காரக் கிழவர் தூங்கிவிட்டதால்தான் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தியதும் எங்களுக்குத் தெரிந்த கதை. மூட்டையைத் தள்ளிவிட்டது யார் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். "அது நாந்தான் டீச்சர்" என்றான். "தாத்தாவ நிப்பாட்டிட்டாங்க. யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா வீட்டையே வெரட்டிருவாங்க. இங்கதான் பேரு இல்லன்னு சொன்னீங்களே." அவன் வெளியே போனபோது பாரம் இறக்கியவன் நடையில் போனான். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதினார். தலைப்பில் 41 என்று போட்டார்.

தோட்டத்துக்குள் ஆராய்ச்சி செய்ய விட்டதற்குப் பெரிய தொரை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அறிக்கையின் பிரதி ஒன்று ஆபீசுக்கு வேண்டும். பெயர்தான் இல்லையே என்று டாக்டரம்மா கொடுத்துவிட்டு ரயிலேறினார். கல்வி எவ்வளவு அவசியம் என்று தொரைக்குப் புரியட்டும் என்று நாற்பத்தொன்றின் கதையை முழுசாக எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு டீச்சர் கிடைப்பார் என்றுகூட நம்பினார். நல்லவர்கள் கடுதாசியை நம்பும் விதமே தனி.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஆபீஸ் பெரிய கிளாக்கர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்று, "டீச்சர், அந்த நாப்பத்தொண்ணு யாரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி விடுங்க. துண்டு அவங்கவங்க வீட்லதானே இருக்கு" என்று சிரித்துக்கொண்டு போனார். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாம் லயம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். போய்த் துண்டை அடுப்பில் போடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று கேட்பார்கள். அது பதிவுத் துண்டு இல்லை, வெறும் அட்டை என்று சொல்ல வேண்டும். ஏழு வருடம் சாமிப் படத்தோடு வைத்துக் கும்பிட்டதை வெறும் அட்டை என்று நான் எந்த வாயால் சொல்வது. குடியிருந்த குவார்ட்டர்சும் தோட்டம் கொடுத்ததுதான் என்ற பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் என் காலைக் கட்டிப்போட்டது வெட்கம்தான். அந்த எட்டு வயதுப் பையனுக்கு இருந்த அதே வெட்கம்.

மறுநாள் விடியக்காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கையா அறிவித்தார். துண்டு வைத்திருப்பவர்கள் பத்து மணிக்கு ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும், பதிவு சரிபார்க்கப் போகிறார்கள். ஜனங்களின் நம்பிக்கை ஆபீஸ்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. பத்து மணிக்கு நான் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு பார்த்தேன். கொழுந்து மலையிலிருந்து தாய்மார் ஓடிப்போய்க் கூந்தலை முடிந்து, தீபாவளிச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். மனுத் தள்ளுபடியான வீட்டார்தான் முன்னால் நின்றார்கள். எனக்குக் கால் பொறுக்கவில்லை. சுண்ணக்கட்டியோடு வெளியே போனேன். அவள் மஞ்சள் துணி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் இஸ்டோரில் வேலையில் இருந்தான். துண்டு கேட்டது அவனுக்குத் தெரியாது.

"பாருங்க டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே வச்சிருந்தேன். ஒரு பொட்டுத் தண்ணி படல" என்று முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

கண்டாக்கையா ஆபீஸ் படியில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ம்" என்றேன். திரும்பி வந்து, இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

மாலைக்குள் முடிந்துவிட்டது. பையனுக்கும் தாய் தகப்பனுக்கும் சேர்த்து, தோட்டத்தைவிட்டு நிறுத்தும்போது தரும் பத்துச்சீட்டைக் கொடுத்தார்கள். மூன்று நாளில் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். அந்தச் சீட்டில் எழுதிய காரணத்தைப் பார்த்தால் வேறெந்தத் தோட்டத்திலும் பெயர் பதியமாட்டார்கள். காவல்காரக் கிழவரையாவது திரும்ப எடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. அத்தனை தடவை பள்ளத்துக்கு மேலே போனவனைக் கம்பி கீழே போடவில்லை. ஓர் அட்டை போட்டுவிட்டது.

நான் தந்தி அடித்தேன். டாக்டரம்மா மறுநாள் ரயிலில் வந்து நேரே தொரை பங்களாவுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து நனைந்த சேலையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்தார். கையில் அந்தத் துண்டு இருந்தது. தன் பொருள் என்று சண்டை போட்டு வாங்க முடிந்தது அது ஒன்றுதான். "அவையள் ஏன் இதை ஓடிவந்து குடுத்தவை? நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டார். பீலிக்கரையில் சொன்னதைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரிட்டையும் எவ்வளவோ கேட்டன். இந்தத் துண்டை என்னவெண்டு நினைச்சு வைச்சிருக்கிறியள் எண்டு மட்டும் கேக்கேல்லை" என்றார். துண்டை என் கையில் வைத்து, தாயிடம் கொடுத்துவிடச் சொன்னார். மூன்றாம் லயத்துக்கு வர அவருக்கும் கால் எழவில்லை.

அவர் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. சில வருடம் கழித்து அச்சான அறிக்கை ஒன்று தபாலில் வந்தது. கடிதம் இல்லை. ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தேன். எழுத்தறிவுக்கும் ஆபத்தான நடத்தைக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நாற்பத்தொன்றைத் தேடினேன். கடைசி அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஒருவர் பின்னர் தொடர்பற்றுப் போனார் என்று இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான். என் நடத்தையை எழுத அந்த அறிக்கையில் கட்டம் எதுவும் இல்லை.

நாற்பத்தொன்றின் வீட்டார் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட காலையில் துண்டை எடுத்துக்கொண்டு தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு மூட்டை, ஒரு பித்தளைக் குடம், சாமிப் படம். மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குக் கப்பலேறுவதா, வவுனியாக் காட்டுப் பக்கம் யாரோ சொந்தக்காரரிடம் போவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. தகப்பன் என்னைப் பார்க்கவில்லை. மகன் பார்த்தான். பெயரில்லை என்று சொன்ன வாயைத்தான் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு எல்லாம் தெரியும். துண்டுதான் காட்டிக்கொடுத்தது என்று அம்மாவிடம் மட்டும் அவன் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் துண்டை நீட்டினேன். அவள் கண் மலர்ந்து வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க டீச்சர். போற எடத்துல தொலைஞ்சுபோயிரும். நாங்க திரும்பி வரையில காட்டணும்ல."

மகன் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சரி என்றேன்.

இப்போது எனக்குப் பிரஜாவுரிமைப் பத்திரமும் படம் ஒட்டிய அடையாள அட்டையும் இருக்கின்றன. மூன்றாம் லயத்தில் மிச்சமிருந்தவர்களுக்கும் காலம் போய்க் கிடைத்துவிட்டது. என் அடையாள அட்டையை அந்தத் தகரப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன், நாற்பத்தொன்றுக்கு மேலே. மழைக்காலம் வந்தால் துண்டை எடுத்து, ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புது மஞ்சள் துணியில் சுற்றி வைப்பேன். ஒரு பொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. இதை மகளிடம் சொல்லி வைக்க வேண்டும். நான் இல்லாத காலத்தில் அவர்கள் வந்து கேட்டால், எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.